இரகுநாதன் மாஸ்டரின் பல்சார் கசெட்

இரகுநாதன் மாஸ்டர் யாழ்ப்பாணத்து மனுசன். பதுளைக்குப் பௌதிகம் படிப்பிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். பல்சார் என்கிற துடிப்பு நட்சத்திரத்தைப் பற்றித் தொடங்கினால் அவர் வாயை யாராலும் மூட முடியாது. கூடப் படிப்பித்த எனக்கே காது புளித்துவிடும்.

தொண்ணூற்றாறில் ஒரு நாள், வகுப்பெடுக்க அவர் தெமோதரைக்குப் போன பஸ்ஸை இராணுவம் மறித்தது. அவர் பையில் ஒரு கசெட். போட்டுக் கேட்டார்கள். டக், டக், டக். பேச்சுமில்லை, பாட்டுமில்லை. முதல் அடி அங்கேயே, காதைப் பொத்தி விழுந்தது.

முகாமில் அதிகாரி அரைகுறைத் தமிழில் கேட்டார், "யாரு இது அனுப்புறது?"

"நட்சத்திரம். அது சுத்துது. சுத்துற அச்சும் காந்த அச்சும் ஒண்டில்லை, சரிஞ்சு கிடக்கு. காந்தத் துருவத்தாலைதான் ரேடியோ அலை பாயுது. துருவம் எங்கடை பக்கம் திரும்பேக்கை மட்டும் கேக்கும்."

"பேரு?"

"பி.எஸ்.ஆர். சைபர் மூண்டு ரெண்டு ஒம்பது."

வானியல் பட்டியலில் அந்த நட்சத்திரத்தின் எண் அது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இயக்கத்தின் வயர்லெஸ் எண் கிடைத்துவிட்டது என்று அதிகாரி துள்ளினார். கசெட்டை ஓடவிட்டு, அந்தத் துடிப்புக்குத் தாளம் தப்பாமல், மண் அடைத்த குழாயால் உள்ளங்காலில் அடித்தார். நாடா முடிந்ததும் திருப்பிப் போட்டார். அந்தக் கை அழுகிப் போக வேண்டும் என்று இன்றைக்கும் நான் மனதாரச் சபிக்கிறேன்.

"பதிஞ்சு குடுத்தது யாரு?"

பஜாரில் ரேடியோக் கடை வைத்திருந்த ஸலீம்தான், ஒரு வெளிநாட்டு விஞ்ஞான நிகழ்ச்சியிலிருந்து பிள்ளைகளுக்காகப் பதிந்து கொடுத்தவர். பெயர் வெளியே வந்தால் அவருக்கும் இதே குழாய். பல் இரண்டு போயும் விலா முறிந்தும், நட்சத்திரம் என்பதைத் தவிர மாஸ்டர் வேறு பெயர் சொல்லவில்லை.

மறுநாள் கதவு திறந்து ஸலீமை உள்ளே தள்ளினார்கள். மூக்கு உடைந்திருந்தது. செய்தி கேட்டதும் தானாகவே முகாமுக்கு வந்து, நான்தான் பதிந்தேன் என்று சொல்லியிருக்கிறார்.

மாஸ்டருக்கு வந்ததே கோபம். எழும்ப முடியாமல் கிடந்தபடியே ஏசினார்.

"உமக்கென்ன விசரோ? நான் வாங்கின அடியெல்லாம் வீணாப் போச்சே."

"நட்சத்திரத்தப் புடிச்சிட்டு வர அவங்களுக்கு ஏலாதே மாஸ்டர்," என்றார் ஸலீம். "அதான் நான் வந்தேன்."

பிறகு இருவரையும் சேர்த்தே அடித்தார்கள். ஒரு கிழமை கழித்து மாஸ்டரை விட்டார்கள். ஸலீமின் உடலை வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள்.

ஜனாஸா அடக்கத்தன்று மாஸ்டரால் செருப்புக்கூடப் போட முடியவில்லை. வேண்டாம் என்று நாங்கள் பிடித்த கையை உதறிவிட்டு, வெறுங்காலோடு, அடக்கும் மையவாடி வரைக்கும், ஸலீமைக் கிடத்திய சந்தூக்குக்குத் தோள் கொடுத்தார். அவர் நடந்த வழியெல்லாம் இரத்தம்.