கெண்டைக்காலுக்குள் ஏறிய அழுத்தம்

என் வீட்டுக்காரருக்கு யாரிடமும் வலிக்கிறது என்று சொல்ல வராது. புனேவுக்குத் தொழிற்சாலை வேலைக்கு வந்த அவருடைய அப்பா, பிழைக்க வந்த ஊரில் சத்தம் போடக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே வளர்த்த பிள்ளை. வரிசையில் எவனாவது குறுக்கே புகுந்தாலும் 'சல்தா ஹை', பரவாயில்லை என்று ஒதுங்கி நிற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மழைக்காலத்தில் கோந்த்வா இறக்கத்தில் பைக் சறுக்கி அவர் காலின் மேலேயே விழுந்தது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல் என்று கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள். மதியம் நர்ஸ் வந்து வலி எப்படியென்று ஹிந்தியில் கேட்டாள். "தோடா சிஸ்டர், தோடா" என்று இவர் சிரித்தார். கொஞ்சம்தானாம். அவள் அந்தப் பக்கம் போனதும் தலையணை ஓரத்தைக் கடித்துக்கொண்டார்.

என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்ல, நீ போய்ச் சாப்ட்டு வா" என்கிறார். நெற்றியில் வேர்வை ஊற்றுகிறது. வலிக்குப் போட்ட ஊசி எங்கே போயிற்றோ தெரியவில்லை. நான் நேராக டாக்டரம்மா அறைக்குப் போய், எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில், அந்த ஆள் பொய் சொல்கிறார், நீங்களே வந்து பாருங்கள் என்று நின்றேன்.

சின்ன வயசு டாக்டர். கட்டைப் பிரித்தார். கெண்டைக்கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது, தொட்டால் கல். கால் கட்டை விரலை லேசாக மேலே வளைத்தார். இவர் முதுகு கட்டிலை விட்டு எழும்பியது, வாயிலிருந்து மட்டும் சத்தம் வரவில்லை.

உடனே ஒரு மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தோலை மரத்துப்போக வைத்து, சதைக்குள் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, மறுமுனையைத் திரையோடு இணைத்தார்கள். உள்ளே கட்டிய நீர் வெளியே வர வழியில்லாமல் ரத்த ஓட்டத்தையே நெரிக்கும், அந்த அழுத்தத்தைத்தான் அளக்கிறேன் என்றார் டாக்டர். நல்ல காலில் பத்தைத் தாண்டாதாம். நான் பார்க்கப் பார்க்க எண் நாற்பதுக்கு வந்தது, ஐம்பதைத் தாண்டியது. குழாயை எடுத்து வேறு இடத்தில் செருகினார். அங்கே இன்னும் கூடுதல்.

இப்போதே காலைக் கீறித் திறக்காவிட்டால் சதை செத்துப்போகும், பிறகு காலையே எடுக்க வேண்டி வரலாம் என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலே போகப் போகிறது, இந்த மனுஷன் தோடா தோடா என்று நர்ஸுக்கு மரியாதை பண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்! திரும்பிப் பார்த்தால் அப்போதும் டாக்டரைப் பார்த்துச் சிரிக்க முயற்சி செய்கிறார்.

"சிரிக்காதீங்க" என்று கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

இரண்டு பக்கமும் நீளமாகக் கீறிவிட்டார்கள். கால் பிழைத்தது. புண்ணைத் தைக்காமல் துணி மட்டும் சுற்றி வைத்திருந்தார்கள். மயக்கம் தெளிந்த சாயங்காலம் அதே நர்ஸ் வந்து அதே கேள்வியைக் கேட்டாள். இவர் வழக்கம்போல வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். உதடு கோணிக்கொண்டு போயிற்று.

"வலிக்குதும்மா" என்றார் அவளிடம், தமிழில். "ரொம்ப வலிக்குது."

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் நான் கேட்டிராத வார்த்தை. அந்த மராட்டிப் பெண்ணுக்குத் தமிழ் ஒரு எழுத்து தெரியாது. என்ன சொன்னார் என்று என்னைக் கேட்கவில்லை, ஊசி எடுக்க ஓடினாள்.