எலிக்குக் குட்டி பிறந்ததா?

லண்டன் டூட்டிங்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அந்த மனிதர் என்னை ஏமாற்றினார். ஆறு வருடமாக எங்களுக்குப் பிள்ளை இல்லை என்று தெரிந்துதான் வைட்டமின் ஈ மாத்திரையை என் தலையில் கட்டினார்.

ஆள் ஒல்லி. தலைமயிருக்கு மை பூசுவார், மீசையை மறந்துவிடுவார். எந்த மாத்திரைப் போத்தலையும் தேங்காயைப் போலக் காதருகே குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் தருவார்.

நாலு மாதம் விழுங்கியும் பலன் இல்லை. சண்டை பிடிக்கப் போனேன். அவர் இணையத்தில் எடுத்த தாள் ஒன்றை விரித்தார்.

“தம்பி, இது ஆராய்ச்சி. விதைப்பையில இருக்கிற கொழுப்பு பழுதாகாமல் இந்த மாத்திரை காக்குதாம்.”

“ஆரின்ரை விதைப்பையில?”

“எலியின்ரை.”

“அந்த எலிக்குக் குட்டி பிறந்ததோ, அண்ணை?”

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அதை எழுதேல்லை. கொழுப்பு நல்லா இருந்ததாம்.”

எனக்குப் பின்னால் முருங்கைக்காயோடு நின்ற பெண் சிரித்துவிட்டார்.

“நீங்களும் இதைப் போடுறனீங்களோ?” என்று கடைக்காரரைக் கேட்டேன்.

“ஓம். ஒன்பது வருசமா.”

“எத்தனை பிள்ளையள்?”

“இன்னும் இல்லை,” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்ணின் முருங்கைக்காயை நிறுக்கத் தொடங்கினார்.

ஐம்பது வயது மனிதர் ‘இன்னும்’ என்கிறார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கோபமும் போகவில்லை. எலியை அறுத்துக் கொழுப்பை மட்டும் அளந்த ஆராய்ச்சியாளர்களே, அதற்குக் குட்டி பிறக்குமா, பிறக்காதா? எனக்கும் அவருக்கும் ஊரறியப் பதில் சொல்லுங்கள்.