கேட்காத அனுமதி

போன கோடையில் பதினான்கு வயது மகளோடு டெக்சஸிலிருந்து பெர்லின் போயிருந்தேன். நகரைச் சுவர் பிரித்திருந்த காலத்தில் சாதாரண மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று காட்டும் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தோம். அவர்களுடைய சமையலறை, ரேடியோ எல்லாவற்றையும் தாண்டி, கண்ணாடிக்குள் ஒரு பழைய விண்ணப்பம் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இறந்துபோன அப்பாவின் அடக்கத்துக்குப் போக ஒருவர் அனுமதி கேட்டிருக்கிறார். மறுத்துவிட்டார்கள்.

மகள் என் கையைப் பிடித்தாள். “டாட், லைக் யூ. உங்களையும் விடலைல்ல?”

ஆறு வருடத்துக்கு முன் ஊரில் வாப்பா மவுத்தானபோது, கபருக்கு மூன்று பிடி மண் போட நான் போகவில்லை. ஹில்கிராஃப்ட் தெருவில் மளிகைக்கடை வாசலில் காரை நிறுத்தி, அடக்கத்தைப் போனில் பார்த்தேன். அப்போது கிரீன் கார்டு வந்திருக்கவில்லை; போனால் திரும்பி வர விசா ஸ்டாம்பிங் கிடைக்காமல் அங்கேயே மாட்டிக்கொள்வேனோ என்று பயம். “தைரியமா போயிட்டு வாங்க” என்றுதான் வக்கீல் சொன்னார். உம்மாவிடமும் மகளிடமும் “இங்க விட மாட்டேங்கிறாங்க” என்று சொல்லிவிட்டேன்.

அந்த மனிதர் கேட்டாவது பார்த்திருக்கிறார். நான் டிக்கெட்கூடப் பார்க்கவில்லை.

“ஆமாம்மா” என்றேன்.

ஆறுதலாக அவள் என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அந்தப் பிடிக்குள் இருக்கவும் கூசியது. கையை எடுத்துக்கொள்ளவும் தைரியம் வரவில்லை.