நான் ராவி எறிந்த மேடு

1. வாஷர்

மாவட்டம் பிரிந்த வருடம், 1989-ல், தேரடி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் கடை போட்டேன். ஸ்டவ், சைக்கிள் பம்ப், பூச்சி மருந்து அடிக்கிற ஸ்பிரேயர், இவைதான் தொழில். மூன்றுக்கும் உயிர் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. உள்ளே போய் வருகிற தோல் வாஷரில்.

முதல் வாரமே, கிரிவலப் பாதையில் பலூன் சுடும் கடை வைத்திருந்தவர் ஒரு ஏர் கன்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். "குண்டு பலூன் வரைக்கும் போய்ட்டு, வெக்கப்பட்டுக் கீழ வுழுந்துடுதுங்க" என்றார். பிரித்துப் பார்த்தால் உள்ளேயும் அதே தோல் வாஷர். அந்த நிமிடமே என்னை ஆயுத நிபுணன் என்று அறிவித்துக்கொண்டேன். கேட்பதற்கு என் மனைவி வசந்தா மட்டும்தான் இருந்தாள்.

"சரி, அந்த ஸ்டவ்வை முடிச்சிட்டு நிபுணர் ஆவுங்க" என்றாள்.

நிபுணன் மறுநாள் செய்த முதல் காரியம், வாஷர் வழுக்கட்டும் என்று காற்றறைக்குள் தையல் மெஷின் எண்ணெயைத் தாராளமாக விட்டது. காற்று அழுந்தினால் சூடாகும், சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்ளும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. சுட்டுப் பார்த்தேன். பெரிய வெடிச் சத்தம், கடை முழுக்க நீலப் புகை. எதிர்க்கடைக்காரர் ஸ்டவ் வெடித்துவிட்டது என்று நினைத்து ஒரு வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். தீ எங்கே என்று தேடினார், கிடைக்கவில்லை. கொண்டு வந்ததை வீணாக்க மனமில்லாமல் என் மேல் ஊற்றினார். சிலிகான் எண்ணெய், அதுவும் ஒரே சொட்டு என்ற பாடத்தை அப்படித்தான் படித்தேன்.

ஏர் கன்னிலிருந்து பழைய டார்கெட் பிஸ்டல் பைத்தியத்துக்குப் போக எனக்குப் பத்து வருடம் பிடித்தது. பத்து மீட்டர் தூரத்தில் இருக்கும் காகித அட்டையில் ஓட்டை போடுகிற விளையாட்டுச் சாமான் அது. வேலூரிலும் சென்னையிலும் பழைய சாமான் கடைகளில் துருப்பிடித்துக் கிடப்பவற்றை வாங்கி வந்து, பிரித்து, துரு எடுத்து, காற்றை அடைக்கிற சீல் மாற்றி, மறுபடி மூச்சு விட வைப்பேன். ஊரில் வேறு யாரும் இதைச் செய்யாததால் நானே முதலிடம்.

2. போனஸ்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு திங்கட்கிழமை கோமதி வந்தாள். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் கிளார்க். சாயங்காலங்களில் கிளப்பில் பிஸ்டல் சுடுகிறவள். துணி சுற்றி அவள் கொண்டுவந்தது ஒரு பழைய ஜெர்மன் பிஸ்டல், அவளைவிட இரண்டு வயது மூத்தது.

"ஞாயித்துக்கெழம சென்னையில செலக்‌ஷன்ணா. போன வருஷம் ரெண்டே பாயின்ட்ல ஸ்டேட் டீம் போச்சு. அதுக்கு முந்தின வருஷமும் போச்சு. இப்ப பாத்து இது இருமுது."

உண்மையில் இருமியது. பிஸ்டன் சீல் நாள்பட்டுப் பொடிந்து, வெல்லத்தூள் மாதிரி உள்ளே உதிர்ந்து கிடந்தது. தோலை எண்ணெயில் ஊறவைத்து, அச்சில் அழுத்தி, புது சீல் செய்து போட்டேன். புதன்கிழமையே தயார். சுட்டால் சும்மா கணீரென்று போகிறது.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. கைப்பிடியைப் பார்த்தேன். நல்ல வால்நட் மரம். அதன் மேல் யாரோ, மரத்தில் ஓட்டை அடைக்கிற பழுப்புப் பட்டியை அங்கங்கே அப்பி வைத்திருந்தார்கள். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு மேடு, உள்ளங்கை படும் இடத்தில் ஒரு வீக்கம், சுண்டு விரலுக்கு ஒரு திட்டு. எனக்குப் பாவமாக இருந்தது. அரத்தால் மொத்தத்தையும் ராவி, உப்புத்தாள் போட்டு, பிரெஞ்ச் பாலிஷ் நாலு கோட்டு அடித்தேன். கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. இது நம் போனஸ் என்று வசந்தாவிடம் காட்டிப் பெருமைப்பட்டேன்.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில் கோமதி வந்தாள். பிஸ்டலைக் கையில் வாங்கினாள். பிடித்தாள். விட்டாள். மறுபடி பிடித்தாள்.

"அண்ணா, இதுல ஒரு மேடு இருந்துச்சே?"

"அதுவாம்மா? அசிங்கமா இருந்துச்சு. ராவி எடுத்துட்டேன்."

"அசிங்கமா?" அவள் குரல் இறங்கியது. "ஒன்றரை வருஷம் ஆச்சுண்ணா அதைச் செய்ய. கொஞ்சம் அப்புவேன், சுட்டுப் பாப்பேன், கொஞ்சம் ராவுவேன். அது என் கைண்ணா."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நான் என் நாலு கோட்டு பாலிஷைப் பார்த்தேன். என் முகம் அதில் தெரிந்தது. கழுதை முகம்.

3. கண்ணை மூடு

அன்று ஆபீஸ் விட்டதும் அவள் வந்தாள். பட்டியைப் பிசைந்து வைத்திருந்தேன். அப்பினேன். அவள் அழுத்திப் பிடித்தாள். காய்ந்ததும் ராவினேன். சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலை நீட்ட வேண்டும், பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். குழல் நுனியில் இருக்கும் சிறு தூண், பின்னால் இருக்கும் பள்ளத்துக்கு நடுவில் தானாக நிற்க வேண்டும். கைப்பிடி சரியில்லை என்றால் இடமோ வலமோ ஓடிவிடும்.

அடி அண்ணாமலையிலிருந்து ஸ்பிரேயரோடு வந்து காத்திருந்த ஒரு விவசாயிக்கு இது தெரியாது.

"இன்னாம்மா, கண்ணை மூடிகினா சுடுவாங்க?"

"குண்டு போடலைங்க பெரியவரே" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று அவர் ஸ்பிரேயரை மார்போடு கட்டிக்கொண்டு வெளியே போய் நின்றார்.

இருட்டுவதற்குள் தூண் பள்ளத்தின் நடுவில் நின்றது. ஐந்து முறை நீட்டினாள், ஐந்து முறையும் நின்றது. கோமதி சிரித்தாள். நானும் சிரித்தேன். வெள்ளிக்கிழமை காலை, இன்னொரு தரம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆபீஸில் பர்மிஷன் சொல்லிவிட்டு வந்தாள். கண்ணை மூடினாள், நீட்டினாள், திறந்தாள். தூண் இடது பக்கம் ஓடியிருந்தது. மறுபடி நீட்டினாள். மறுபடி இடது.

"போச்சு. மூணாவது வருஷமும் போச்சு" என்றாள்.

பட்டி சுருங்கிவிட்டதா என்று அளந்தேன். ஒரு நூல் கூடச் சுருங்கவில்லை.

அதே விவசாயி மறுபடி வந்திருந்தார், ஏனென்றால் அவர் ஸ்பிரேயரை நான் இன்னும் தொடவே இல்லை. "நேத்தும் இதான், இன்னிக்கும் இதான். என் கத்திரித் தோட்டத்துல பூச்சி பேரன் பேத்தி எடுத்துடுச்சு" என்றார். பிறகு கோமதியின் கையைப் பார்த்தார். "ஏம்மா, நேத்து சாயங்காலம்தானே அளவெடுத்தாரு? வேலை செஞ்ச கை சாயங்காலம் வீங்கும்மா. என் மோதிரம் அப்ப கழட்ட வராது. காலைல பாரு, தானா கழண்டு வரும்."

நான் கோமதியின் பக்கம் திரும்பினேன்.

"மேட்ச் எத்தினி மணிக்கும்மா?"

"ஒன்பதரைக்குண்ணா." தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பழைய மேடும் சாயங்காலக் கையில செஞ்சதுதான். பிராக்டிஸ்ல நல்லா போவும். மேட்ச்சுல மட்டும் இடது பக்கமே போவும். நான் பயம்னு நெனச்சேன்."

ஸ்டவ்வெல்லாம் ஓரம் போயிற்று. வெள்ளி ஒன்பதரைக்கு ஒரு தடவை, சனி ஒன்பதரைக்கு ஒரு தடவை, காலைக் கைக்கு அப்பி ராவினோம். சனிக்கிழமை பத்து முறை நீட்டினாள். பத்து முறையும் தூண் நடுவில் நின்றது. கைப்பிடி பார்க்கச் சகிக்கவில்லை. பாலிஷ் டப்பாவை வசந்தா ஏற்கெனவே ஒளித்து வைத்திருந்தாள்.

4. கடைசிப் பெயர்

திங்கட்கிழமை சாயங்காலம் கோமதி ஸ்வீட் பெட்டியோடு வந்தாள். செலக்‌ஷன் லிஸ்டில் கடைசிப் பெயர் அவளுடையது. கடைசி என்றாலும் லிஸ்டுக்குள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "பாத்தியாம்மா, நான் ராவலைன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"அண்ணா, அதை மட்டும் சொல்லாதீங்க. ராவுனதுக்கு உங்களை நான் இன்னும் மன்னிக்கலை. திரும்பக் கட்டுனதுக்குத்தான் ஸ்வீட்டு. பெரிய துண்டு அந்த ஸ்பிரேயர் தாத்தாவுக்கு."

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு இதிலிருந்து நான் சொல்வது இவ்வளவுதான். பழைய சாமான் எது வந்தாலும், பிரிப்பதற்கு முன்னால் சொந்தக்காரர் கையில் கொடுத்து ஒரு தடவை பிடிக்கச் சொல்லுங்கள். எது அழுக்கு, எது அவர் என்று அப்போதுதான் தெரியும்.

சொந்தக்காரர் யாரென்றே தெரியாமல் நான் வாங்கிச் சேர்த்தவை பதினொரு பிஸ்டல்கள். ஒன்றில் ஓர் இடது கைக்காரரின் பட்டி இருக்கிறது. இன்னொன்றில், சுண்டு விரல் குட்டையான யாரோ ஒருவர் இருக்கிறார். உள்ளே சீல் மாற்றினேன், துரு எடுத்தேன். கைப்பிடி பக்கம் உப்புத்தாளைக் கொண்டுபோகவில்லை. ஒன்றும் என் கைக்குப் பொருந்தாது. ஆகவே நான் சுடுவதெல்லாம் அட்டையை விட்டுச் சுவரில் படுவதற்கு என்னிடம் பதினொரு காரணங்கள் உண்டு. வசந்தா பன்னிரண்டாவதாக ஒன்று சொல்கிறாள். அதை எழுதுவதாக இல்லை.