சாம்பிள் அட்டையில் ஒட்டிய சிம்

வெளிநாடு கிளம்புகிறவனுக்கு எங்கள் தெருவில் கிடைக்கும் முதல் அறிவுரை போனைப் பற்றியதுதான். பள்ளிபாளையத்தில் லுங்கித் தறி ஓட்டுகிற நான், கிள்ளானில் இருக்கும் ஒரு மொத்த வியாபாரிக்குச் சரக்குக் காட்ட மலேசியா போகிறேன் என்று தெரிந்ததும் பக்கத்து நூல் கடைக்காரர் தேடி வந்துவிட்டார். அவர் சிங்கப்பூர் போனபோது போன் சட்டைப்பையில் சும்மாதான் கிடந்ததாம். அது தன்பாட்டுக்கு எதையோ இறக்கிக்கொண்டதில் வந்த பில்லைப் பார்த்து ஒரு வாரம் சோறு இறங்கவில்லையாம். சிம்மையே கழற்றிப் போட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று சொல்லிவிட்டு, ஒரு டீயும் குடித்துவிட்டுப் போனார்.

என் மகள் வேறு மாதிரி சொன்னாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குக் காத்திருந்த சமயம் அது. நம் போனில் இரண்டு சிம் போட இடம் இருக்கிறது, ஊர் சிம் ஒன்றில் இருக்கட்டும், அதற்கு இருப்பதிலேயே சின்ன ரோமிங் பேக் போதும், ரோமிங்கில் நெட்டை மட்டும் அணைத்து வையுங்கள், வருகிற மெசேஜுக்குக் காசு கிடையாது, பேசவும் படம் அனுப்பவும் அங்கே இறங்கியதும் ஒரு லோக்கல் சிம் வாங்கி இரண்டாவது இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள் என்று தாளில் எழுதியே கொடுத்தாள். நான் அதை மடித்துப் பைக்குள் வைத்தேனே தவிர, படிக்கவில்லை. பெற்ற பிள்ளை சொன்னால் காதில் ஏறாது, சூடு பட்டவன் சொன்னால் ஏறும். என் சுபாவம் அப்படி.

திருச்சியில் விமானத்தில் உட்கார்ந்ததுமே சிம்மைக் கழற்றினேன். ஊசிக்கு அலையவில்லை, சாம்பிள் அட்டையில் துணியைக் குத்தி வைத்திருந்த குண்டூசியே போதுமாக இருந்தது. கழற்றியதை எங்கே வைப்பது? விரல் நகம் அளவுதான் இருந்தது. எங்கள் தொழிலில் தொலையக்கூடாத எதையும் சாம்பிள் அட்டையின் பின்பக்கம் ஒட்டுவோம். நூல் நம்பர் எழுதிய சீட்டு, சாயப்பட்டறைத் துண்டு, ஒருமுறை பீரோ சாவியைக்கூட ஒட்டியிருக்கிறேன். கை அதன் பழக்கத்துக்குச் செலோடேப்பைக் கிழித்து, கட்டம்போட்ட லுங்கி அட்டையின் பின்னால் சிம்மை ஒட்டிவிட்டது. மறுநாள் கிள்ளானில் அந்த அட்டையை வியாபாரியிடமே கொடுத்துவிட்டு, கோலாலம்பூரில் எடுத்திருந்த அறைக்குத் திரும்பினேன். ஊர் நம்பரின் நினைப்பே எனக்கு இல்லை.

இத்தனைக்கும் அது சாதாரண நம்பர் இல்லை. எங்கள் வீட்டில் எந்த விண்ணப்பமானாலும் என் நம்பர்தான். கேஸ் சிலிண்டர், ரேஷன் கார்டு, என் மனைவியின் பேங்க் கணக்கு, மகளின் கவுன்சிலிங், எல்லாவற்றுக்கும் அதுதான். பொம்பளப்பிள்ளை நம்பரை ஏன் ஊர் முழுக்கக் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்பேன், எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். மகளுக்குத் தனி போனே கிடையாது. அம்மாவின் போனில்தான் எல்லாம்.

கவுன்சிலிங் பட்டியலையும் நான்தான் போட்டேன். மலேசியாவுக்குக் கிளம்பும் முன்னால் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, எங்கள் தெருமுனைக்குக் காலேஜ் பஸ் வருகிற கல்லூரிகளாகப் பார்த்து வரிசையாகப் போட்டு, என் போனுக்கு வந்த ஓடிபியைச் சொல்லிப் பூட்டினேன். மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் என்ன நினைத்தாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள், அங்கே மணி நாலரை இருக்கும், அங்கே இறங்கியதும் வாங்கிப் போட்டிருந்த லோக்கல் சிம்மில் மகள் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். கவுன்சிலிங்குக்கு ஒரு ஓடிபி வர வேண்டும், ஊர் நம்பருக்குத்தான் வரும், இன்று சாயங்காலம் ஐந்து மணியோடு முடிகிறது என்றாள். நம் ஊர் ஐந்து மணி என்றால் அங்கே ஏழரை. பட்டியலே அழிந்துபோய்விட்டதோ என்னவோ என்று பதறிப்போய், சிம் எங்கே, சிம் எங்கே என்று அறையைத் தலைகீழாக்கினேன். சட்டைப்பை, பாஸ்போர்ட் உறை, ஷூ, எல்லாம் பார்த்த பிறகுதான் அட்டை ஞாபகம் வந்தது. வியாபாரிக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை. கதவைப் பூட்டினேனா என்றுகூடப் பார்க்காமல் ரயில் நிலையத்துக்கு ஓடினேன்.

ரயிலில் இருப்புக் கொள்ளவில்லை. இடம் இருந்தும் உட்காரவில்லை. இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுக்கு நடந்துகொண்டிருந்தேன். எதிரே இருந்த அம்மாள் எனக்கு ஏதோ உடம்புக்கு ஆகவில்லை என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அதை வாங்கிக் குடிக்கும்போதுதான் புத்தியில் உறைத்தது. நான்தான் பூட்டிவிட்டேனே, பூட்டிய பட்டியலுக்கு மறுபடி எதற்கு ஓடிபி?

உடனே கூப்பிட்டுக் கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

"நான்தானுங்கப்பா தொறந்து மாத்துனேன். சென்னை காலேஜ மொதல்ல வெச்சிருக்கறேன். ஓடிபி போட்டாத்தான் அது நிக்கும். இல்லாட்டி நீங்க போட்டதே நின்னுக்கும்."

இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். பெட்டியே திரும்பிப் பார்த்தது.

"மொதல்லயே சொல்லியிருந்தா நீங்க ரயில் ஏறியிருக்க மாட்டீங்க."

போனை வைத்துவிட்டேன். என் பட்டியலை நானே கவிழ்ப்பதற்கு இப்படி அரக்கப் பரக்க ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்க நினைக்க ஆத்திரம் பொங்கியது. அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பிவிடலாம். சிம் கிடைக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த நிலையம் வந்தது, இறங்கவில்லை. அதற்கடுத்ததும் வந்தது. பாசத்தில்தான் இறங்கவில்லை என்று சொன்னால் அது பொய். திரும்பிப் போய் அந்த அறையில் என்ன செய்வது என்று தெரியாததும் ஒரு காரணம்.

கிள்ளானில் வியாபாரி கடையில்தான் இருந்தார். அவர் தாத்தா காலத்தில் சேலத்திலிருந்து போன குடும்பம். பாய் என்றுதான் நான் கூப்பிடுவேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. பிடித்த கட்டங்களை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு, மீதி அட்டையைக் காலையிலேயே குப்பையில் போட்டுவிட்டாராம். கடைக்குப் பின்னால் இருந்த குப்பைத் தொட்டியை இருவருமாகக் கவிழ்த்தோம். டீ கப், நூல் பிசிறு, பார்சல் டேப். என் கை தேடிக்கொண்டிருந்தது. கிடைக்காமல் போகட்டும் என்று ஒரு மனசு வேண்டிக்கொண்டிருந்தது. கிடைக்காவிட்டால் யார் மேலும் தப்பில்லை, குப்பை மேல்தான் தப்பு. பாய்தான் கண்டுபிடித்தார். டீக்கறை படிந்த அட்டைத் துண்டில், செலோடேப்புக்கு அடியில், என் வீட்டின் எல்லாக் காரியங்களும் பத்திரமாக ஒட்டிக்கொண்டிருந்தன.

சிம்மைப் போட்டதும், தயங்கித் தயங்கி ரோமிங்கைத் திறந்தேன். மகள் அதற்குள் அம்மாவின் போனிலிருந்து என் நம்பருக்கு அந்தச் சின்ன பேக்கைப் போட்டிருந்தாள். நெட்டை அணைக்கும் இடம் எது என்று தெரியாமல், பைக்குள் மடித்து வைத்திருந்த அவள் தாளை எடுத்துப் பிரித்துப் பார்த்துத்தான் அணைத்தேன். எழுத்து அச்சு போல இருந்தது. பத்து நிமிஷம் கழித்துச் சிக்னல் வந்தது. அவளைக் கூப்பிட்டேன். அனுப்பச் சொல்லி அழுத்திவிட்டேன் என்றாள். போன் சிணுங்கியது. ஆறு எண்கள் கண்ணுக்கு முன்னால் நின்றன. மணி ஆறு ஐம்பது.

"வந்துருச்சுங்களாப்பா?"

"இல்லையே சாமி, இன்னும் வரலை" என்றேன்.

இதை யோசித்துச் சொல்லவில்லை. வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகு திரும்ப எடுக்கத் தெரியவில்லை. பாய் என் பக்கத்திலேயே நின்றிருந்தார். திரையைப் பார்த்தாரா என்று தெரியாது. டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போய்விட்டார். நான் கடைக்கும் தெருவுக்கும் நடந்தேன். ஒரு ஓடிபிக்குப் பத்து நிமிஷம்தான் உயிர். பத்து நிமிஷமும் அவள் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கள் பட்டறைதான். சத்தத்துக்கு நடுவே, அவசரப்படுத்தாதே, அப்பா என்ன பண்ணுவார் என்று என் மனைவி சொல்வதும் கேட்டது.

மறுபடி அனுப்பிப் பார்க்கிறேன் என்றாள் மகள். மறுபடியும் போன் சிணுங்கியது. வேறு ஆறு எண்கள். அதையும் நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளே பேசினாள். குரலில் அழுகை இல்லை, சலித்துப் போயிருந்தது.

"வராட்டி உடுங்கப்பா. வெளிநாட்டுல மெசேஜு வரலைன்னா அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க. இவ்வளவு தூரம் போய்த் தேடுனீங்கல்ல, அது போதுமுங்க. நேரத்துக்குச் சாப்புடுங்க."

அவள் திட்டியிருந்தால் நான் அசைந்திருக்க மாட்டேன். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் என்னை நம்பிவிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தெருவில் நின்றபடி ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். நாலாவது எண்ணை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் தறி மட்டும் ஓடியது. பிறகு, பூட்டிடுச்சுங்கப்பா என்றாள்.

நான்கு நாள் கழித்து ஊருக்கு வந்தேன். வந்ததும் மகள் என் போனை வாங்கினாள். லோக்கல் சிம்மை எடுத்துவிட்டு, ரோமிங்கை அணைத்து, எல்லாவற்றையும் பழையபடி வைக்க வேண்டும் என்றாள். இரண்டு மெசேஜும் வந்த நேரத்தோடு அதில் இருக்கின்றன. அழிக்க வேண்டும் என்று விமானத்தில் நினைத்தேன், திருச்சியில் நினைத்தேன், வரும் வழியில் காரிலும் நினைத்தேன், ஆனால் அழிக்கவில்லை. அவள் தலை நிமிராமல் வெகுநேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பட்டறைக்கும் வீட்டுக்கும் நாலு தடவை நடந்தேன். கடைசியில், சரியாயிருச்சுங்கப்பா என்று கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

இப்போது அவள் சென்னையில் படிக்கிறாள். அங்கே எல்லா விண்ணப்பத்திலும் அவள் நம்பர்தான். அன்று அவள் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போன பிறகு நான் திறந்து பார்த்தேன். கிள்ளானில் வந்த கவுன்சிலிங் மெசேஜ்களில் ஒன்றுதான் இருந்தது, இரண்டாவதாக வந்தது. முதலில் வந்ததை அவள் அழித்திருந்தாள். அதைப் பற்றி இன்று வரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.