வியாழன் முகத்தில் ஒரு மரு

வியாழனைப் படம் பிடித்தே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றேன். அறுபதுகளில் சின்னாளப்பட்டிப் பள்ளி ஒன்றில் நான் விஞ்ஞான டீச்சர். நன்கொடையாக வந்த தொலைநோக்கி ஒன்று அங்கே பீரோவுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அதில் பார்த்தால் வியாழனின் மேகப்பட்டைகள் தெரியும். பிள்ளைகளுக்கோ கண் பழகவில்லை. "ஒண்ணுமே தெரியல டீச்சர், நீங்க சும்மா சொல்றீங்க" என்பார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

இருட்டியதும் மாடியில் தொலைநோக்கியை நிறுத்தி, கண் வைக்கும் இடத்தில் கேமராவைக் கட்டுவேன். வியாழன் நழுவிக்கொண்டே இருக்கும். ரோல் ரோலாக வீண். "கட்டிக்குடுக்குற வயசுல வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறா" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

கல்யாணப் பேச்சை எடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிறுவயதில் வந்த அம்மை என் கன்னமெல்லாம் தழும்பு போட்டிருந்தது. அம்மா மாப்பிள்ளை வீடுகளுக்கு அனுப்பிய படத்திலோ கன்னம் வழவழவென்று இருந்தது. எல்லாம் திண்டுக்கல் ஸ்டுடியோக்காரரின் கைவண்ணம். படத்தை நம்பி வந்தவர்கள் என்னை நேரில் பார்த்ததும் காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள்.

கடைசியில், அதே ஸ்டுடியோவில் கழுவிய ஒரு நெகட்டிவில் வியாழன் மிளகளவில் அசையாமல் விழுந்திருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இரண்டு பட்டைகள், ஓரத்தில் ஒரு கறை. அந்தக் கறை பூமியையே விழுங்கக்கூடிய புயல்! பெரிதாக்கித் தரச் சொல்லிவிட்டுத் துள்ளிக்கொண்டு வீடு வந்தேன்.

மறுவாரம் ஸ்டுடியோக்காரர் நீட்டிய படத்தில் வெறும் இட்லிதான் இருந்தது.

"பட்டை எங்கண்ணே?"

"மூஞ்சில ரெண்டு கோடும் ஒரு மருவும் கெடந்துச்சு டீச்சர். நெகட்டிவ்ல பென்சில வச்சு அம்புட்டையும் மறைச்சுட்டேன்."

"அய்யோ, நாசமாப் போச்சு! அது மரு இல்லண்ணே, புயல்! தொடைங்க, இப்பவே தொடைங்க!" எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் பதறிப்போய், டர்பன்டைனில் பஞ்சை நனைத்து நெகட்டிவைத் துடைத்தார். பென்சில் பூச்சு கரைந்து பட்டைகள் திரும்பி வந்தன. புயலும் வந்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது.

"மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புன என் படத்தோட நெகட்டிவ் இங்கதான இருக்கு?"

"இருக்கு டீச்சர்."

"அதையும் தொடைங்க."

"அம்மா சத்தம் போடுவாகளே..."

"போடட்டும். இனிமே வாரவக பாத்துட்டே வரட்டும்."

அவர் என் கன்னத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு பஞ்சை எடுத்தார்.