சத்தமில்லாத தாராக்கள்

தாரா வளர்க்க நினைப்பவர்கள் எத்தனை முட்டை இடும் என்றுதான் முதலில் கேட்பார்கள். என் கணவர் கேட்டது, அது கத்துமா என்று. மருதமுனையில் கைத்தறி நெய்தவர் அவர். விடிந்ததிலிருந்து பொழுதுபடும் வரை காதுக்குள் தறி அடித்துக்கொண்டிருக்கும். "வளவுக்குள்ளயாவது சத்தமில்லாம இரிக்கட்டும்" என்று தேடிப் பிடித்து வாங்கிவந்தது, முகத்தில் சிவப்புச் சதை படர்ந்த கறுப்பு வெள்ளைத் தாராவை. மணிலா வாத்து என்று புத்தகங்களில் போடுகிறார்கள். கோபம் வந்தால் சீறும். அதற்கு மேல் அதனிடம் குரல் இல்லை.

எனக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. கூட்டிப் பெருக்கி முடித்த முற்றத்தில்தான் வரிசையாக வந்து எச்சமிடும். விளக்குமாற்றோடு கத்திக்கொண்டு துரத்துவேன். அவர் வாசலில் நின்று சிரிப்பார்.

"தாராவுக்கும் சேத்து நீ ஒருத்தி கத்துறதே காணும்."

தினமும் இதே பகிடி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் வளர்ப்பில் கெட்டிக்காரர். ஓர் ஆணுக்கு நாலைந்து பெட்டைகளுக்கு மேல் விடமாட்டார். காலையில் முட்டை இட்டு முடியும் வரை கூட்டைத் திறக்க மாட்டார். திறந்துவிட்டால் கண்ட பற்றைக்குள் இட்டுவிட்டுப் போய்விடும் என்பார். அயல் வீட்டுத் தாராக்களோடு கலந்தாலும் அடையாளம் தெரிய, தறியில் மிஞ்சிய பச்சை நூலைக் காலில் கட்டிவிடுவார். எங்களுக்கு மீன் கொண்டுவரும் பெரியநீலாவணை அக்காவுக்கு ஓர் ஆணும் இரண்டு பெட்டைகளும் வாரத்துக்குக் கொடுத்திருந்தார். அக்கா வளர்ப்பார், பொரிக்கும் குஞ்சுகளில் பாதி எங்களுக்கு வரும். "இரிக்கிறது காணாதெண்டு இன்னமுமா?" என்று அதற்கும் சண்டை பிடித்தேன்.

பிறகு கடல் வந்தது. வீடு, தறி, கூடு எல்லாம் போயின. அவரும் போனார். மையவாடியில் பலரோடு சேர்த்து அடக்கினார்கள்.

வயல் பக்கம் இருந்த தம்பியின் வீட்டில் அவருக்காக வெளியே இறங்காமல் நான் இத்தா இருந்தபோது, ஒரு நாள் தம்பி சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து கூடத்தில் அவிழ்த்தான். உள்ளே ஆண் தாரா. சேறும் மெலிவுமாக, வாய்க்கால் ஓரத்தில் நின்றதாம். காலில் பச்சை நூல். அதை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அவர் போன பிறகு நான் அப்படி அழுதது அன்றுதான். அவர் கைபட்டதென்று என் கையில் மிஞ்சியது இந்த ஒன்றுதான். இதன் குஞ்சுகள் என் வளவு நிறைய ஓடவேண்டும் என்று அன்றைக்கே பிடிவாதம் பிடித்துவிட்டது.

நிவாரணமாக எனக்கும் சில தாராக்கள் கிடைத்தன. மண்ணிறம். நன்றாக முட்டை இட்டன, அடைகாக்கத்தான் தெரியாது. ஆனால் சத்தம்! ஒரு நாய் நடந்துபோனால் ஊரையே எழுப்பிவிடும். நம்ம ஆணை அவற்றோடு விட்டேன். பிஸ்மி சொல்லி முட்டைகளைக் கோழிக்கு அடைவைத்தேன். பாதிக்கு மேல் கூழாகிப் போனாலும் கொஞ்சம் பொரித்தன. குஞ்சுகள் தாயைவிடப் பெரிதாக வளர்ந்தன. எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. எல்லாவற்றின் காலிலும் பச்சை நூல் கட்டினேன்.

அவை முட்டை இடவே இல்லை. முதலிலிருந்தே ஊசி போட வந்துகொண்டிருந்த கால்நடை வைத்தியரிடம் கேட்டேன்.

"ரெண்டும் வேற வேற இனம். குதிரையும் கழுதையும் சேர்ற மாதிரி. குஞ்சு வரும், அதோட வம்சம் நிண்டுடும். இந்த ஆணுக்கு அதுட இனத்துப் பெட்டைதான் வேணும்" என்றார்.

"அப்ப இத முதல்லயே சொல்லப்படாதா?"

"நீங்க கேக்கல்லயே."

அந்த மனிதர் மீது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவருக்குத் தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை.

வேறு எங்காவது பெட்டை வாங்கலாம் என்றான் தம்பி. வாங்கலாம்தான். அது அவருடைய தாராவாகுமா? அவருடைய பெட்டைகள் இருந்தால் மீன்கார அக்காவிடம்தான் இருக்கவேண்டும். கடல் வந்த பிறகு அக்கா தாராக்களையும் தூக்கிக்கொண்டு வாவிக்கு அப்பால் படுவான்கரையில் தங்கையிடம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். விசாரிக்கத் தொடங்கியபோது அங்கே சண்டை மூண்டது. ஷெல் விழுவது இரவில் எங்கள் ஊருக்கே கேட்கும். அதற்குப் பிறகு அக்காவைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. ஆண் தாராவின் முகச் சதை தடித்துக்கொண்டே போனது. தவிட்டைக் குழைத்து வைக்கும்போதெல்லாம், "கொஞ்சம் பொறு" என்று அதற்குச் சொல்வேன்.

சண்டை முற்றாக முடிந்த பிறகு ஒரு காலை, எனக்குக் கிடைத்த புது வீட்டை விசாரித்துக்கொண்டு அக்கா வந்தார். பாதியாக மெலிந்திருந்தார். கையில் ஓலைக் கூடை, அதற்குள் இரண்டு இளம் பெட்டைகள். கறுப்பும் வெள்ளையும்.

"புள்ள, உங்கட வாரம் கொண்டு வந்திருக்கன்."

கூடையை இரண்டு கையாலும் வாங்கினேன்.

"ஓடின ஓட்டத்தில எல்லாம் போயிற்று. ஒரு தாய்ப் பெட்டைய மட்டும் சாக்குக்குள்ள போட்டுத் தூக்கித் திரிஞ்சன். பங்கருக்குள்ள ஒளிச்சிருக்கக்குள்ளயும் மடியிலதான் கிடந்திச்சி. கத்துற சாதியெண்டா அங்கயே விட்டுட்டுப் போகச் சொல்லியிருப்பாங்க. உங்கட அவர் பாத்துத்தான் தந்திருக்கார். சண்டை முடிஞ்ச பிறகு அதே சாதி ஆணொண்டோட சேத்துப் பொரிச்சதுதான் இதுகள்."

நான் அக்காவைக் கட்டிப்பிடித்தேன். அன்று அவரைச் சாப்பிடாமல் போக விடவில்லை.

பெட்டைகள் அடைகாத்தன, குஞ்சுகள் வந்தன, அவையும் முட்டை இட்டன. இப்போது வளவு நிறையத் தாரா. எல்லாவற்றின் காலிலும் பச்சை நூல். தறி இல்லை. கடல் இவ்வளவு தூரம் கேட்காது. வெடிச் சத்தமும் நின்றுவிட்டது. அவர் ஆசைப்பட்டது இப்படி ஒரு வளவுக்குத்தான்.

போன கிழமை பெட்டையொன்று, நான் கழுவிவிட்ட வாசற்படியில் ஏறி நின்று எச்சமிட்டது. விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு கத்தியபடி ஓடினேன். பாதியில் நின்று வாசலைத் திரும்பிப் பார்த்தேன். கதவு திறந்துதான் கிடந்தது. இன்னும் கொஞ்சம் உரக்கக் கத்திப் பார்த்தேன்.